காசும் கேஷும்

கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் திருப்பூணித்துறையிலும் குடியேறி வாழும் நம் தமிழ் மக்கள் ஒருங்கு கூடும் இடங்களில் மொழியைப் பற்றிய பேச்சு எழுமாயின், ஒரு செய்தி தவறாமல் வந்து சேரும். 'ஆங்கிலேயர் கேஷ் என்கிறார்களே, அது நம்முடைய காசுதான்' என்று ஒருவர் தொடங்குவார். மற்றொருவர் கட்டுமரத்தைச் சேர்ப்பார். மூன்றாமவர் சுருட்டையும் மிளகுதண்ணீரையும் சேர்ப்பார். பின்னர் எல்லாரும் மனநிறைவோடு காப்பி அருந்தச் செல்வர். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகிய மூன்றும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தவை என்பதில் ஐயமில்லை. காசின் செய்தியோ அத்துணை எளியதன்று.

அண்மையில் நம் குடும்பங்களுள் ஒன்றில் இது குறித்து ஒரு சிறு பூசல் விளைந்தது. ஏழாம் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி, ஆங்கிலத்தில் கலந்த தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதினாள். தாத்தா சொல்லிக் கொடுத்தபடி கேஷ் என்பதையே முதலில் வைத்தாள். ஆசிரியர் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். குழந்தை தாத்தாவை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அடுத்த முறை அவர் தமிழின் பெருமை பேசியபோது எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள். முதியவர்க்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆசிரியரே தவறினார் என்று நிறுவ வேண்டும் என அவர் நம்மிடம் வந்தார். அகராதிகளைப் புரட்டிப் பார்த்தோம். பார்த்த அளவில், ஆசிரியர் கூறியது உண்மை. தாத்தா கூறியதும் உண்மை. எழுத்திலும் ஒலிப்பிலும் வேறுபாடின்றி ஆங்கிலத்தில் இரண்டு கேஷ்கள் இருக்கின்றன. ஒன்று அவர்கள் வீட்டுப் பிள்ளை. மற்றொன்று நம் வீட்டிலிருந்து சென்றது.

முதலில் அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்போம். கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் ஆங்கிலத்தில் தோன்றியது 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில். பிரெஞ்சு மொழியில் கேஸ் என்றும், இத்தாலிய மொழியில் காஸா என்றும் வழங்கிய சொற்களிலிருந்து அது பிறந்தது. அவற்றின் பொருள் பணம் அன்று, பெட்டி. இவ்விரண்டிற்கும் தாய், இலத்தீனில் பெட்டியைக் குறித்த காப்ஸா என்னும் சொல். அதற்கும் முந்திய வேர் 'கொள்ளுதல், பற்றுதல்' என்னும் பொருளது. பொருளைக் கொள்ளும் கலத்தை நாம் கொள்கலம் என்று சொல்வதில்லையா? அதே நோக்குத்தான். வணிகன் பணம் வைத்த பெட்டிக்கு முதலில் அப்பெயர் வழங்கிற்று. பின்னர்ப் பெட்டிக்குள் இருந்த பணத்திற்கே அது பெயராயிற்று.

பெட்டியின் பெயர் பணத்திற்கு ஆவது விந்தை என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. நம் கடைத்தெருவில் 'இன்று கல்லா நிறைந்தது' என்று வணிகர் சொல்லுங்கால், எவரும் மரப்பெட்டியை நினைப்பதில்லை. 'நன்றாகக் கல்லாக் கட்டினான்' என்றால் பணம் சேர்த்தான் என்பதே பொருள். 'பெட்டி கைமாறிற்று' என்று அரசியல் பேசுவோர் சொல்லும்போது அப்பெட்டிக்குள் வேட்டி சட்டை இருந்ததாக யாரும் கருதுவதில்லை. மனிதனின் மனம் எந்நாட்டிலும் இவ்வகையில் ஒன்றாகவே இயங்குகிறது.

அந்த இலத்தீன் பெட்டிக்கு மக்கள் பலர். மருந்தை உள்ளடக்கிய காப்ஸ்யூல் 'சிறு பெட்டி' என்னும் பொருளது. வண்டியின் அடிச்சட்டமாகிய சேசிஸ் கூட அக்குடியிற் பிறந்ததே. நாம் ஊருக்குப் போகும்போது தூக்கிச் செல்லும் சூட்கேஸின் பிற்பாதி, கேஷுக்கு உடன்பிறப்பு. ஆனால், போலீஸ் கேஸ் என்னும்போது வருகின்ற கேஸ் வேறு. அது 'நேர்ந்தது, விழுந்தது' என்னும் பொருளுடைய பிறிதோர் இலத்தீன் சொல்லின் வழியது. நம் சமையலறைக் கேஸ் அடுப்பின் கேஸோ இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லாதது. தமிழில் மூன்றையும் ஒரே விதமாய் எழுதி, ஒரே விதமாய்ச் சொல்லி, ஒரு நாளும் குழம்பாமல் வாழ்கிறோம். இரண்டு கேஷ்களை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் வாழ்ந்ததும் அப்படித்தான்.

கேஷியர் என்னும் சொல்லிலும் இத்தகைய இரட்டை உண்டு. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் பெட்டிக் குடியைச் சேர்ந்தவர். படையில் ஓர் அதிகாரியை இழிவுபடுத்தி வேலையினின்று நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்னும் வினை உண்டு. அது 'உடைத்தல், செல்லாததாக்குதல்' என்னும் பொருளுடன் டச்சு மொழி வழியே வந்தது. பணம் குறைந்த கேஷியர் கேஷியர் செய்யப்பட்டார் என்று ஒரு வேடிக்கைத் தொடர் எழுதலாம்; இரு சொற்களுக்கும் உறவு மட்டும் கற்பிக்கலாகாது. மெல்லிய கம்பளித் துணியாகிய கேஷ்மியர் காசுமீரத்தின் பெயரால் வந்தது. அதனையும் இங்கேயே விட்டுவிடலாம்.

இனி நம் காசுக்கு வருவோம்.

தமிழில் காசு பழஞ்சொல். ஆனால், முதலிலேயே அது கடைவீதிப் பணமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. குறுந்தொகையின் 67 ஆம் பாட்டில், அள்ளூர் நன்முல்லையார் ஓர் அரிய உவமை சொல்கிறார். கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழம், புது நூல் கோப்பவளின் கூரிய நகங்களிடையே இருக்கும் பொற்காசு போல இருந்ததாம். இங்கே காசு என்பது அணிகலனிற் கோக்கும் உருண்டையான பொன்மணி. நம் வீட்டுப் பெண்டிர் திருமணங்களில் அணியும் காசுமாலையின் பாட்டி இந்தப் பாட்டில் இருக்கிறாள் என்று சொல்லலாம்.

பிற்காலத்திற் காசு நாணயமாயிற்று. அதுவும் பொன் நாணயமாயிற்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்த கதையைப் பெரியபுராணம் கூறும். அப்பர் பெற்ற காசு முழு மதிப்பிற் போயிற்று; சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வட்டம் பிடித்தனர். அதனால் அவர் திருமடத்தில் அடியார்க்கு அமுது படைக்க நேரம் ஆயிற்று. பின்னர்ச் சம்பந்தர் பதிகம் பாடி நல்ல காசு பெற்றார். பத்தியை ஒருபுறம் வைத்து வணிகக் கண்ணால் நோக்கினும் இக்கதை சுவையுடையது. காசில் வாசி உண்டு, மாற்றுக் குறைந்தால் கழிவு உண்டு என்பதெல்லாம் மக்களுக்குப் பழகிய செய்தியாக இருந்திருந்தாலன்றி இப்படியொரு கதை எழாது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வைத்த காசுகளுக்கு ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கல்வெட்டுகள் கணக்குச் சொல்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது இன்றைய கணக்கு. ஈழக்காசு என்று வேறொன்றும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. செய்யுளிலும் காசு புகுந்து அமர்ந்துவிட்டது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடுகளே உண்டு. ஆதலின், திருக்குறளின் 1330 பாக்களும் இந்த நான்கனுள் ஒன்றிற்றான் முடிந்தாக வேண்டும். யாப்புப் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசு என்னும் சொல்லின் மூலம் யாது? எடையைக் குறிக்கும் கர்ஷம் என்னும் வடசொல்லோடு அதனை இணைப்பாரும் உளர். தென்மொழிகளுக்கே உரியது என்பாரும் உளர். வழக்கு முடியவில்லை. மணியில் உள்ள குற்றத்திற்கும் தமிழிற் காசு என்று பெயர் உண்டு. காசநோய் என்பதில் வரும் காசமோ இருமலைக் குறிக்கும் வடசொல். பணக் காசுக்கும் அதற்கும் உறவில்லை. பார்த்தீர்களா, நம் மொழியிலும் ஒலி ஒன்றாய்ப் பிறப்பு வேறாய்ச் சொற்கள் இருக்கின்றன.

இந்தக் காசு கடல் கடந்தது எப்படி? இதற்கு நாம் வாழும் இந்தக் கரைக்கே திரும்ப வேண்டும்.

15 ஆம் நூற்றாண்டிற் சீனக் கப்பல்களோடு வந்த மா ஹுவான் என்பவர் கொச்சியைக் கண்டு எழுதியிருக்கிறார். இங்கே பொன்னால் ஆகிய பணமும், சிறு செலவுக்கு வெள்ளியால் ஆகிய தாரமும் வழங்கியதை அவர் குறித்துள்ளார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த வர்த்தேமா என்னும் இத்தாலியர், 1510 ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார். காஸ் என்று ஒரு நாணயம் உண்டு என்றும், பதினாறு காஸ் ஒரு வெள்ளித் தாரம் என்றும் எழுதுகிறார். சோழர் காலத்திற் பொன்னாக இருந்த காசு, இதற்குள் நாணயங்களுள் கடைக்குட்டியாய் இறங்கிவிட்டது. சொல் அதுவே, மதிப்புத்தான் பொன்னிலிருந்து செம்புக்கு வந்தது.

போர்த்துகேயர் 1500 இல் கொச்சியை அடைந்தனர். 1503 இல் கோட்டை கட்டினர். 1530 வரை அவர்களுடைய கிழக்கு நாட்டு ஆட்சிக்குக் கொச்சியே தலைமையிடமாக இருந்தது. அவர்கள் மொழியிற் பெட்டிக்குக் கைஷா என்று பெயர். அதுவும் முன்சொன்ன இலத்தீன் காப்ஸாவின் மகள்தான். இங்கு வந்து சிறு நாணயத்தின் பெயரைக் கேட்ட அவர்கள் செவிக்கு அது தங்கள் பெட்டியின் பெயர் போலவே ஒலித்தது போலும். நாணயத்தையும் கைஷா என்றே எழுதலாயினர். தமிழில் நாம் காசு என்று சொல்வதை மலையாளத்தார் காஷ் என்னும் ஒலிக்கு அருகே சொல்வதை நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள். அவ்வொலி போர்த்துகேயரின் ஒலிக்கு இன்னும் அண்மையது. கொங்கணி மொழியின் வாயிலாகவும் அது சென்றிருக்கலாம் என்பர் அகராதி செய்தோர். மட்டாஞ்சேரியிற் கொங்கணியர் நமக்கு அண்டை வீட்டாராதலின் அதில் நமக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. எவ்வாறாயினும், ஐரோப்பியரின் பெட்டியும் நம் காசும் முதன்முதல் ஒரே உருவம் பூண்டது ஆங்கிலத்தில் அன்று, போர்த்துகேயர் நாவில். ஆங்கிலேயர் அந்த முடிச்சை அப்படியே வாங்கிக்கொண்டனர்.

இதற்குப் பின் காசின் செலவு வியப்பானது. போர்த்துகேயர் மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் சீனத்துக்கும் சென்றபோது இச்சொல்லையும் உடன் கொண்டு சென்றனர். ஆங்காங்கே கண்ட சிறு நாணயங்களுக்கெல்லாம் இதனையே பெயராக இட்டனர். கோவையிற் சில ஆண்டுகள் தங்கியிருந்த லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர் 1596 இல் வெளியிட்ட நூலில், சாவகத்தில் நடுவே துளையுள்ள கைஷாக்களை நூலிற் கோத்து எண்ணும் வழக்கத்தை விளக்குகிறார். (இங்கே கோவை என்றது கோவாவை; கோயம்புத்தூர் அன்பர்கள் மயங்க வேண்டா.) சீனருடைய நடுத்துளை நாணயம் இன்றளவும் ஆங்கில நூல்களிற் கேஷ் என்றே அழைக்கப்படுகிறது. சீனர் தம் நாணயத்தை ஒருபோதும் அப்பெயரால் அழைத்ததில்லை. சீனத்து நாணயத்துக்கு, தமிழ்ப் பெயரை, போர்த்துகேயர் வைக்க, ஆங்கிலேயர் வழங்குகின்றனர்! அந்நாணயங்கள் அதற்கு முன்பே நம் பக்கம் வந்திருந்தன என்பது இன்னொரு சுவை. தஞ்சைப் பகுதியில் தாலிக்கோட்டை முதலிய ஊர்களிற் சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. 2014 ஆம் ஆண்டு கொல்லம் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோதும் மண்ணோடு சீனக் காசுகள் மேலே வந்தன. நடுவே துளையுள்ள நாணயத்தை நம் முதியோரும் அறிவர். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவைக் குழந்தைகளின் அரைஞாணிற் கட்டிய பாட்டிமார் நம் குடும்பங்களில் இருந்தனர்.

சென்னையில் ஆங்கிலக் கம்பெனியார் காசை ஆட்சிச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டனர். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆகவே, ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818 ஆம் ஆண்டு ரூபாய்க் கணக்கு வரும் வரையில் சென்னைப் பேரேடுகள் இம்மூன்று பத்திகளில் எழுதப்பட்டன. அப்பேரேட்டில் கேஷ் என்று தலைப்பிட்ட கடைசிப் பத்தி நம் காசு. அதனை எழுதியவரின் அருகே இருந்த பணப்பெட்டி அவர்களுடைய கேஷ். ஒரே அறையில் இரண்டும் இருந்தும், ஒன்றை மற்றொன்றாக எவரும் எண்ணிக் கணக்குப் பிழைத்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று மறக்கத்தக்கதன்று. சென்னை மாகாணத்துக்கெனப் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை 1808 இல் இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரத்துச் சோஹோ அச்சுச்சாலையில் நீராவி எந்திரங்களால் அடித்தனர். ஒருபுறம் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்தில் மதிப்பும், அதன் கீழ் ஆங்கிலத்திற் கேஷ் என்னும் சொல்லும். தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. அந்நாணயங்களை மிகுதியாக ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்டினர் என்னும் கப்பல், 1809 சனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குமுன்னரே புயலிற் சிக்கிக் குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கிற்று. ஏறத்தாழ 175 ஆண்டுகள் அக்காசுகள் கடலடியிற் கிடந்தன. 1980களில் அவற்றை இலட்சக்கணக்கில் மேலே எடுத்தனர். சென்னைக் கடைத்தெருவிற் கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் கைமாறியிருக்க வேண்டிய காசுகள், இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்போரிடம் தாம் அடிக்கப்பட்டபோது இருந்த மதிப்பினும் பன்மடங்கு விலைக்குப் போகின்றன.

திருவிதாங்கூரிலோ காசு கடைசி வரை அரசாண்டது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரமும் 8 காசும் என்று கணக்கு. வர்த்தேமா கண்ட பதினாறு என்னும் எண், நானூறு ஆண்டுக்குப் பின்னும் மாறாதிருந்ததைக் கவனியுங்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த நம் குடும்பங்களில், சங்கு முத்திரை பொறித்த சிறு செப்புக் காசுகள் பழைய அஞ்சறைப் பெட்டியின் அடியில் இன்றும் கிடக்கக்கூடும். கொச்சி நாட்டில் வழங்கியது புத்தன் என்னும் நாணயம். புதியது என்பதே அதன் பொருள். எந்நாளும் புதியதாகவே இருப்பேன் என்று பெயரிட்டுக்கொண்ட அது பழம்பொருளாகி நெடுங்காலம் ஆயிற்று. 1949 சூலை முதல் நாளில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அந்த இணைப்போடு சக்கரமும் காசும் வழக்கிழக்கலாயின.

முந்திரிக் கொட்டையைப் பற்றிய ஒரு கதையையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். கொல்லத்துப் பெண் ஒருத்தி அதனைக் கூறுகட்டி விற்றுக்கொண்டிருந்தாளாம். வெள்ளைக்காரன் ஒருவன் 'இதன் பெயர் என்ன?' என்றானாம். விலை கேட்கிறான் என்று எண்ணி அவள் 'காசினெட்டு' என்றாளாம். ஒரு காசுக்கு எட்டு என்பது பொருள். அவன் அதையே பெயராகக் கொண்டு கேஷ்யூநட் என்று எழுதிவிட்டானாம். கேட்கச் சுவையான கதை, உண்மை அன்று. அம்மரம் பிரேசிலிலிருந்து போர்த்துகேயர் கொணர்ந்தது. அங்குள்ள தூப்பி மக்கள் மொழியில் அதற்கு அக்காஜு என்று பெயர். போர்த்துகேயர் அதனைக் காஜு ஆக்கினர். ஆங்கிலத்துக் கேஷ்யூவும் மலையாளத்துக் கசுவண்டியும் அக்கிளையைச் சேர்ந்தவை. பறங்கிமாவு என்று மலையாளத்தில் வழங்கும் மற்றொரு பெயரே, வந்த வழியை மறைக்காமற் சொல்லிவிடுகிறது. இக்கதையை நாம் இங்கே எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. 'கேஷ் முழுவதும் காசே' என்னும் பேச்சும் இதே கருவிற் பிறந்ததுதான். ஒலி ஒத்தால் உறவும் உண்டு என்னும் துணிபு. கதையில் உண்மை சிறிதும் இல்லை. பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முழுமை என்று சொன்னதனால் அன்றோ அச்சிறுமியின் ஏட்டிற் சிவப்பு மை விழுந்தது? பாதியைப் பாதி என்றே சொல்லியிருந்தால், பிரெஞ்சுக்காரனின் பெட்டிக்குப் பக்கத்தில் மா ஹுவானும் வர்த்தேமாவும் கடலில் மூழ்கிய கப்பலும் அக்கட்டுரையில் இடம்பெற்றிருக்கும். ஆசிரியரும் அவளை அழைத்து வைத்துப் பேசியிருப்பார்.

வீடுகளில் நடக்கும் இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, 'அம்மா, பேனா வாங்கக் காஷ் வேணும்' என்கிறான். 'ஆங்கிலம் கலக்காதே, பணம் என்று சொல்' என்று தாய் கடிந்துகொள்கிறாள். பிள்ளை பேசியது ஆங்கிலம் அன்று. நெடிலாய்க் 'கா' என்று தொடங்கினால் அது மலையாளத்துச் சொல். நம் காசு இந்நாட்டில் உடுத்த உடை. ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடைப்பட்டுக் குறுகி ஒலிக்கும். பிள்ளையை 'காசு' என்று சொல்லத் திருத்தினால் போதும். அவன் சொன்ன சொல்லையே பிடுங்கி எறிய வேண்டுவதில்லை. கொச்சியிற் பிறந்த பிள்ளைகளின் தமிழில் மலையாளம் என்று நாம் ஒதுக்கும் பலவற்றுள், பழந்தமிழ் எத்தனை ஒளிந்திருக்கிறது என்பதை முதியோர் கொஞ்சம் நின்று கேட்பது நல்லது என்று நமக்குப் படுகிறது.

காசைத் தாழ்ந்த சொல் என்றும் பணத்தை உயர்ந்த சொல் என்றும் கருதுவார் சிலர் உளர். இரண்டும் நாணயப் பெயர்களே. யாழ்ப்பாணத் தமிழர் நாள்வழக்கிற் காசு என்பதையே மிகுதியும் வழங்குவர். சிங்கப்பூர்த் தமிழர்க்கு வெள்ளியின் நூற்றில் ஒரு பங்கு காசு. 'ஒரு வெள்ளி ஐம்பது காசு' என்று அங்கே கடைக்காரர் சொல்லும்போது, சோழர் காலத்துச் சொல் இன்னும் கல்லாவில் விழுந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டிலோ 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் 2011 சூன் 30 உடன் செல்லாதனவாயின. 2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவித்தபோது, செல்லாக்காசு என்னும் பழந்தொடர் மீண்டும் எல்லார் வாயிலும் வந்தது. இன்று மட்டாஞ்சேரி மிளகுக் கடையிலும், 2024 மார்ச்சு முதல் மெட்ரோ வண்டி வந்து நிற்கும் திருப்பூணித்துறை நிலையத்தருகே உள்ள தேநீர்க் கடையிலும், கைபேசியைக் கட்டத்தின்மேற் காட்டிப் பணம் செலுத்துகிறோம். பெட்டியும் இல்லை, காசும் இல்லை. 'கேஷ் இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது அவர் எந்தக் கேஷைச் சொல்கிறார் என்று இனி ஆராய வேண்டிய தேவையும் இல்லை; இரண்டுமே அவரிடம் இல்லை.

பழைய நாணயங்களைக் கண்ணாற் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொச்சி அரசர் குடும்பம் வாழ்ந்த நம் திருப்பூணித்துறை ஹில் பாலஸ், அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே நாணயங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை மட்டும் கதவு திறவாது.